எஞ்சின் பெட்டிமேல் பொலன்னறுவைக்கு

விஜயலெட்சுமிக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிசனில் இது பிள்ளைமடுவத்தில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். அப்புத்தளையிலிருந்து கலியாணம் கட்டிக்கொண்டு வந்த அன்றே ஆரம்பித்த கதை அது. வேனில் மாப்பிள்ளைக்கும் பெரிய கங்காணிக்கும் நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்து வந்த பெண், தோட்டத்து ரோட்டின் கடைசி வளைவில் நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் கங்காணியின் வெள்ளை வேட்டி வீணாய்ப் போயிற்று. அந்த வளைவுக்கு அன்றைக்கே ‘விஜி முடக்கு’ என்று பெயர் விழுந்தது. கங்காணி செத்தும் போனார், பெயர் போகவில்லை.

மகள் விதுஷாவைப் பெறுவதற்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியெல்லாம் அவள் கேட்டது, “இன்னும் எத்தன முடக்கு இருக்கு?” என்பதுதான். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விதுஷா இப்போது மொனராகலையில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். வெல்லவாயா இறக்கத்தை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறதென்று விஜயலெட்சுமி அங்கே போனது ஒரே ஒரு தடவை. “நீ எங்கதாம்மா வந்திருக்க?” என்று மகள் போனில் கேட்கும்போது, பேரப்பிள்ளையிடம் போனைக் கொடு என்பாள்.

இத்தனைக்கும் சுணக்கமான ஆளில்லை. மழையிலும் பனியிலும் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஆடு ஏறத் தயங்குகிற சரிவில் நின்று கொழுந்து எடுப்பவள். தோட்டத்துக் கொழுந்து லொறியில் ஏறினால் முன்பக்கக் கம்பியைப் பிடித்து நின்றபடி பண்டாரவளை வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்தால்தான் முகம் வெளுக்கும். இதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை, அவள் உட்பட.

புருசன் கணபதிக்கு, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. கொழுந்து வாட்டுகிற தட்டில். ஸ்டோர்க்காரர்களோடு இரண்டு தடவை பொலன்னறுவைக்கு ட்ரிப் போய் வந்தவன். ஆண்கள் மட்டும் போன ட்ரிப். போய் வந்து பல வருசமாகியும், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நாலு பேர் சேர்ந்தால் அவனுக்குப் பொலன்னறுவை ஞாபகம் வந்துவிடும்.

“ராசா அரமனை ஏழு மாடி. நான் உச்சிக்கே ஏறிட்டேன். அங்கேருந்து பாத்தா பதுளை தெரியுது” என்பான். “படுத்திருக்கிற புத்தரு இருக்காரே, நம்ம லயத்துல தலக் காம்பராவுல இருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் அம்புட்டு நீளம். ஒரே கல்லு!”

அவர்கள் லயத்தில் ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. தலைக் காம்பரா விஜயலெட்சுமியுடையது. நாலாவது காம்பராவில் இருக்கிற வேலாயி, அவளோடு ஒரே மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள், கணபதி சொல்கிற எதையும் பாதிக்கு மேல் நம்புவதில்லை. விஜயலெட்சுமி நம்பினாள். விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகக் கடந்து போகும்போது, தலையைத் தன் வாசலிலும் பாதத்தைக் கடைசி வாசலிலும் வைத்துப் படுத்திருக்கிற ஒருவரை மனசுக்குள் தாண்டிப் போவாள். ஒரு நாளைக்கு அவரை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு வெளியில் சொல்லாத ஆசையாகவே இருந்தது.

அதனால்தான், பண்டாரவளையில் போன் கடையில் வேலை செய்கிற ரஜீவ், “இந்தத் தடவ பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் சேந்து பொலன்னறுவைக்குப் போறோம். சனிக்கிழம போயி ஞாயித்துக்கிழம வாறோம். தண்ணி கிண்ணி ஒண்ணும் கெடையாது” என்று கோயிலடியில் சொன்னபோது, முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் விஜயலெட்சுமி.

கணபதி சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்தான். “நீயா?”

“நான்தான்.”

“அப்ப ஒங் கூட ஒரு வாளியும் வரணுமே.”

“வாளிக்குத் தனி சீட்டு வேணாம். ஒங்க மடியில வச்சுக்கங்க.”

கணபதி மறுபடி சோற்றில் குனிந்தான். ஆனால் இரண்டு தடவை போன ஆளென்று லயத்தில் எல்லோரும் அவனிடம்தான் யோசனை கேட்டார்கள். “சுவெட்டர் கட்டாயம் எடுத்துக்கங்க. அங்க குளிரு பல்லக் கிட்டிக்க வைக்கும். நம்ம பூனாகலைக் குளிரெல்லாம் தோத்துப் போயிரும்” என்று அடித்துச் சொன்னான். வேலாயிகூட பெட்டியிலிருந்து கம்பளிச் சுவெட்டரை எடுத்து வெயிலில் போட்டாள்.

சனிக்கிழமை இருட்டு விலகுவதற்குள் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து பஸ் கிளம்பிவிட்டது. பின்சீட்டில் தப்பு அடி கிளம்பிற்று. பிள்ளைகள் எழுந்து ஆட, வேலாயி உட்கார்ந்த இடத்திலேயே தோளை ஆட்ட, ஊரே கலியாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. விஜயலெட்சுமி குங்குமப்பூ நிறச் சேலை கட்டி, சன்னல் ஓரத்தில், வெறும் வயிற்றோடு, கையில் எலுமிச்சம்பழம் ஒன்றும் வாயில் இஞ்சித் துண்டு ஒன்றுமாக உட்கார்ந்திருந்தாள். விஜி முடக்கைத் தாண்டியபோது பஸ் முழுக்க ஓவென்று கத்தியது. அவளும் கத்தினாள். பண்டாரவளை வரைக்கும் ஒன்றுமில்லை. ‘இந்தத் தடவை பிழைத்தோம்’ என்று நினைத்துக்கொண்டாள்.

தெமோதரை வளைவுகளில் அந்த நினைப்புப் போயிற்று. ஹாலிஎலயில் எலுமிச்சம்பழம் கையிலிருந்து உருண்டது. பதுளை டவுனுக்குள் பஸ் நுழையும்போது, மூன்று ஷொப்பிங் பேக் தீர்ந்து, நனைத்துப் போட்ட துணியாகச் சாய்ந்திருந்தாள்.

கணபதி எழுந்து முன்னால் வந்தான். “ரஜீவு, இங்க ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லு. ரேஸ்கோஸ் பக்கம் ஏந் தங்கச்சி வீடு இருக்கு. இவள எறக்கி விட்டுட்டு, நாளைக்குப் பின்னேரம் திரும்பையில ஏத்திக்குவோம். இன்னும் பாதி வழிகூட வரல. மகியங்கனை எறக்கத்துல செத்தே போயிருவா.”

பஸ் நின்றது. தப்பும் நின்றது. விஜயலெட்சுமியின் பை அவளுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. கணபதி அவ்வளவு சுறுசுறுப்பாக அதைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் ரோட்டோரக் கடைக் குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் வழிய நிமிர்ந்து பார்த்தபோது சன்னல்களில் எல்லா முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாவம் என்று பார்க்கிற பார்வை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, இவர்கள் திரும்பி வந்து ‘அம்புட்டு நீளம்’ என்று சொல்வதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் ஒரு லொறி, மூட்டைகளின்மேல் இரண்டு பேர் கம்பியைப் பிடித்து நிற்க, பஸ்ஸைக் கடந்து போயிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தாண்டி, புருசனைத் தாண்டி, நேரே டிரைவரின் சன்னலுக்கு அடியில் போய் நின்றாள். டிரைவர் லத்தீப் பதுளைக்காரர். தாடி நரைத்த, பொறுமையான மனுசர், எல்லோருக்கும் ‘நானா’, அதாவது அண்ணன்.

“நானா, ஒங்க பக்கத்துல அந்த எஞ்சின் பெட்டி மேல நான் குந்திக்கிறேன். முன்னால பாத்துக்கிட்டே வாறேன். லொறியில போனா எனக்கு ஒண்ணும் செய்யாது.”

“பெட்டி கொதிக்கும் தங்கச்சி. ரொட்டி சுடலாம்.”

“மலையில நாள் பூரா நிக்கிறவ நான். இன்னும் ஒரு தடவ வாந்தி எடுத்தா நீங்க சொல்லவே வேணாம், நானே எறங்கிக்கிறேன்.”

“அட, இவ ஒருத்தி...” என்று கணபதி பின்னாலிருந்து ஆரம்பித்தான்.

வேலாயியின் தலை சன்னலுக்கு வெளியே வந்தது. “அண்ணே, நீங்க சும்மா இருங்க. இந்தாடி விஜி, ஏஞ் சுவெட்டரு. மடிச்சுப் போட்டு உக்காரு.” அடுத்த சன்னலிலிருந்து இன்னொரு சுவெட்டர் வந்தது. அதற்கடுத்ததிலிருந்து இன்னொன்று. ஏழெட்டுச் சுவெட்டரை அடுக்கி, அதன்மேல் மகாராணி மாதிரி விஜயலெட்சுமி ஏறி உட்கார்ந்தாள். எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடி நிறைய ரோடு.

“பக்கத்துல ஓடுற மரத்தப் பாக்காதீங்க. அடுத்த முடக்க மட்டும் பாருங்க” என்றார் லத்தீப்.

“மலையிலயும் அப்படித்தான் நானா. கால் வச்ச எடத்தப் பாத்தா தலை சுத்தும். அடுத்த செடியத்தான் பாக்கணும்.”

பதுளை தாண்டியதும் இறக்கம் தொடங்கிற்று. முதல் வளைவு வந்தது. வயிறு ஒரு தரம் புரண்டு, என்ன நினைத்ததோ, அடங்கிக்கொண்டது. இரண்டாவது வளைவு தூரத்தில் தெரிந்ததுமே அவள் தன்னையறியாமல் “எடது!” என்றாள். பஸ் இடது பக்கம் திரும்பியது. “வலது!” வலது பக்கம் திரும்பியது. லத்தீப் சிரித்துவிட்டார். “சரி, நீங்களே ஓட்டுங்க.”

“எடது!” என்று அவள் கத்தியபோது இந்தத் தடவை பின்னாலிருந்து பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். தப்பு அதற்கேற்ற அடியைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவுக்கும் விஜயலெட்சுமி கையை நீட்டிச் சொல்ல, பஸ் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து கூச்சல் போட்டது. கீழே பள்ளத்தாக்கில் வயலும் ஆறும் வெயிலில் விரிந்து கிடந்தன. உலகத்தில் இத்தனை அழகாக ரோடு இருக்குமென்று அவளுக்கு இவ்வளவு காலம் தெரியாது. எப்போதும் பாதியை ஷொப்பிங் பேக்குக்குள்தானே பார்த்திருக்கிறாள்.

“பேக்கு! பேக்கு ஒண்ணு குடுங்க!” என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தது.

“யாருக்கு?” என்றான் ரஜீவ்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. பிறகு வேலாயியின் குரல் உச்சிக்குப் போயிற்று. “அய்யோ, கணபதியண்ணனுக்கு!”

பஸ் குலுங்கியது ரோட்டினாலா சிரிப்பினாலா என்று சொல்ல முடியாது. “காலையில தின்ன சம்பலு சரியில்ல” என்று கணபதி பேக்குக்குள்ளிருந்தே சொன்னான். “நாங்களும் அதத்தானண்ணே தின்னோம்” என்றது இன்னொரு குரல். விஜயலெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தனக்கும் வரும் என்று பயம். “வலது!” என்றாள்.

மகியங்கனையில் ஆற்றங்கரையில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். பஸ்ஸில் போன வழியில் விஜயலெட்சுமி சாப்பிட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். மூன்று ரொட்டி தின்று, நாலாவதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். கணபதி ஒரு பிளேன்டீயோடு நிறுத்திக்கொண்டான்.

பொலன்னறுவையில் இறங்கியதும் முதலில் அவர்களை வரவேற்றது வெயில். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. இடுப்பில் சுவெட்டரைக் கட்டிக்கொண்டு இறங்கிய கூட்டத்தைப் பார்த்து இளநீர் விற்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வட்டமான பழைய விகாரைக்குள் போகச் செருப்பைக் கழற்றினார்கள். கருங்கல் கொதித்தது. மேல்டிவிசன் முழுக்க ஒற்றைக் காலில் துள்ளிற்று. சிலர் சுவெட்டரைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றார்கள்.

“என்னாண்ணே, ரெண்டு தடவ வந்த ஆளு, கால் வேகும்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?” என்றாள் வேலாயி.

“அப்ப மாரிக் காலமா இருந்துச்சு” என்றான் கணபதி.

அரண்மனைக்குப் போனார்கள். ஆள் படுக்கலாம் போல தடித்த செங்கல் சுவர்கள், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேலே தளமும் இல்லை, மாடியும் இல்லை. பிள்ளைகள் சுவருக்குச் சுவர் ஓடி ஏணிப்படியைத் தேடினார்கள். “மாமா, உச்சிக்கு எந்தப் பக்கமா ஏறுனீங்க?” என்று ஒரு பொடியன் விடாமல் கேட்டான். கணபதி தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேனென்று மரத்தடிக்கு நகர்ந்தான்.

விஜயலெட்சுமி சுவரைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த சுவெட்டரைப் பார்த்தாள். பிறகு மரத்தடிக்குப் போனாள். கிளையில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

“ரெண்டு தடவையும் பஸ்ஸுக்குள்ளயே படுத்துக் கெடந்தீங்களா?”

கணபதி குரங்கைப் பார்த்தான். “ஒரு தடவ எறங்குனேன்.”

“எங்க?”

“கக்கூசுக்கு.”

“அப்ப குளிருன்னு சொன்னது?”

“எனக்குக் குளிருச்சு. வெறும் வயிறு, ஒதறிக்கிட்டு வந்துச்சு. பொய்யா சொன்னேன்?”

“அப்ப யாரும் ஒண்ணும் கேக்கலையா?”

“தண்ணி போட்டுட்டு வாந்தி எடுக்கிறான்னு நெனைச்சாய்ங்க. ஆம்பள வாந்தி எடுத்தா யாரு பஸ்ஸச் சொல்லுவா?”

விஜயலெட்சுமிக்கு முதலில் வந்தது கோபம்தான். கலியாண வேனிலிருந்து இன்றைக்கு வரைக்கும் எத்தனை ‘வாளி’, எத்தனை ‘வாந்திக் கேஸு’! இன்று காலையில்கூடத் தன் பையை எவ்வளவு அவசரமாக இறக்கினான். ஒரு குரல் கொடுத்தால் போதும். வேலாயி இங்கே வந்துவிடுவாள், வருகிற தீபாவளி வரைக்கும் மேல்டிவிசனுக்கு வேறு பேச்சே இருக்காது. அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு கணபதியின் தலையிலிருந்த தொப்பியைப் பறித்துக்கொண்டு ஏறிற்று. அவன் “ஏய், ஏய்” என்று வெறுந்தலையைத் தடவிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பழைய கோபத்தை எடுக்க முடியவில்லை.

“இங்க பாருங்க. நாளைக்குக் காலையில படுத்திருக்கிறவரப் பாக்கப் போறோம். நான் பாத்து முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா நானும் தொறக்க மாட்டேன்.”

“சரி” என்றான் கணபதி. அவ்வளவு சுருக்கமாக அவன் எதற்கும் பதில் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் பழைய சிவன் கோயிலில், கல் சுவரில் கை வைத்துக் கும்பிட்டார்கள். இரவு ஒரு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். விஜயலெட்சுமிக்குத் தூக்கம் வந்தால்தானே. விடிந்தும் விடியாததுமாக எல்லோரையும் அவள்தான் தட்டி எழுப்பினாள்.

வெயில் ஏறுமுன்னே கல் விகாரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே பாறையில் உட்கார்ந்திருக்கிறவர், நிற்கிறவர், கடைசியில் படுத்திருக்கிறவர். விஜயலெட்சுமி மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு நேரே கடைசிக்குப் போனாள். போய், தலைமாட்டில் நின்றுவிட்டாள். கல்லின் வரிகள், நீரோட்டம் மாதிரி, முகத்தின் மேலேயே ஓடின. கணபதி பக்கத்தில் வந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை.

அவள் தலைமாட்டிலிருந்து, யாரும் கிட்டப் போகாதபடி கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமாக, நடக்க ஆரம்பித்தாள். விடியற்காலையில் வாளியோடு நடக்கிற நடை. அந்த நடையில் ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் எவ்வளவு தூரமென்று அவள் காலுக்குத் தெரியும். தோள் தாண்டும்போது ஒரு காம்பரா. இடுப்பில் இரண்டு. முழங்கால் தாண்டி மூன்று. நாலாவது வாசலுக்குப் போய்ச் சேரும்போது பாதம் வந்துவிட்டது. திரும்பிக் கணபதியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

சின்னதாகப் போய்விட்டதே என்று அவளுக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பவும் தலைமாட்டுக்குப் போனவள் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டது.

“என்னங்க! அந்தத் தலகாணியப் பாருங்க. தலை வச்ச எடத்துல அமுங்கியிருக்கு. கல்லு, கல்லு போயி அமுங்கியிருக்கு!”

பஞ்சுத் தலையணை மாதிரியே, தலையின் பாரத்துக்கு அந்தக் கல் தலையணை குழிந்து கொடுத்திருந்தது. எந்தக் கதையிலும் வராத தலையணை. வேலாயி எட்டிப் பார்த்து, “அட ஆமாடி” என்றாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். விஜயலெட்சுமி ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நிறுத்தி, விரலை நீட்டிக் காட்டினாள். அப்படி ஒரு சந்தோசம் அவள் முகத்தில்.

கடைசியில் கணபதி ஒப்பந்தத்தை மீறினான். “நல்லா அமுங்கித்தான் இருக்கு” என்றான், மெதுவாக.

திரும்பி வரும்போதும் எஞ்சின் பெட்டி அவளுக்குத்தான். பதுளை ஏற்றத்தில் கணபதி தானாகவே எழுந்து வந்து, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். “அடுத்த முடக்கப் பாருங்க, கீழ பாக்காதீங்க” என்று அவள் சொல்ல, அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாருக்கும் பேக் தேவைப்படவில்லை. வழியில் அவள் மகளுக்குப் போன் போட்டாள். “அடுத்த மாசம் வாறேன்டி. வெல்லவாயா எறக்கமா? அது கெடக்கு. டிரைவர் பக்கத்துல சீட்டுப் புடிச்சு வாறேன்.” விஜி முடக்கு வந்தபோது லத்தீப் ஹோர்னை நீளமாக அழுத்திப் பிடித்தார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், ட்ரிப் போகாதவர்கள் வட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். ஸ்டோருக்குப் போகிற வழியில் கணபதி நின்றான். வழக்கப்படி எல்லோரும் அவன் பக்கம்தான் திரும்பினார்கள்.

“என்னா கணபதி, மூணாவது தடவ. படுத்திருக்கிறவரு இன்னும் வளந்துட்டாரா?”

வேலாயி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். கணபதி ஒரு தரம் இருமினான்.

“அவளக் கேளுங்க. பாத்துட்டு வந்தது அவதான்” என்று சொல்லிவிட்டு, தொப்பியில்லாத தலையோடு ஸ்டோர்ப் பக்கம் நடந்தான்.

விஜயலெட்சுமி படங்கை இறுக்கிக் கட்டினாள். களத்திலிருந்து பார்த்தால் கீழே லயம் முழுசாகத் தெரியும். கையை நீட்டினாள். “அந்தா, எங்க வாசல்ல தலை. அமுங்குன தலகாணி, அதப் பத்திப் பெறகு சொல்றேன். அப்படியே நேரா வந்தா, வேலாயி வாசல்ல பாதம். அம்புட்டுத்தான்.”

“நல்லவேள சொன்ன” என்றாள் வேலாயி. “அவரு பாதம் ஏங் காம்பரா வாசல்லதான்னா, நாளைக்கு வாசல நல்லாக் கூட்டி வைக்கணும்.”

“நாளைக்கென்ன, இன்னைக்கே கூட்டு” என்று சொல்லிவிட்டு, விஜயலெட்சுமி தன் நிரையைப் பார்த்து ஏறத் தொடங்கினாள். மற்றவர்கள் மிச்சக் கதையைக் கேட்பதற்காக அவளை நெருங்கி ஏறினார்கள்.